3 மீட்டர் வெட்டு 24 மீட்டரானது எப்படி?

சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலகெட்டில் வழியாகப் பாலிங் போகும்போது நம் கண் தார்ச்சாலையை மட்டுமே பார்க்கிறது. வளைவு எங்கே, குழி எங்கே, முன்னால் போகும் லோரி எப்போது வழிவிடும் என்பதே நம் கவலை. சாலைக்கு இருபுறமும் புல் மூடிய மண்சரிவும், அதன் அடியில் ஓடும் லோங்காங்கும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் மேடு பள்ளமான நிலத்தில் சாலை போடும்போது, தார் போடும் அகலத்தைவிட இந்தச் சரிவும் வடிகாலும் அதிக நிலத்தை எடுத்துக்கொள்வது உண்டு. பெருமழையில் அந்தச் சாலை நிற்குமா, சரியுமா என்பதும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சித் திட்டம், கெடாவின் ரப்பர் தோட்ட நிலம் ஒன்றின் உயர வரைபடத்தை வைத்து ஒரு கிராமப்புறச் சாலையைக் கணினியில் வடிவமைப்பது. இது கட்டப்படப்போகும் சாலை அல்ல, மதிப்பெண்ணுக்கான பயிற்சிதான். ஆனாலும் அந்த மூன்று மாதத்தில், கணினித் திரையில் இழுக்கும் ஒரு கோடு குன்றின் மேல் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்பதைப் பார்த்தபோது, இதை நம் மாணவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். மூன்றாம் படிவத்தில் படிக்கும் நேர்க்கோட்டுப் பாடம் தெரிந்தால் போதும்.

டெம்ப்ளேட் என்பது என்ன?

ஒரு கேக்கைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எத்தனை அடுக்கு என்று தெரிவதைப்போல, ஒரு சாலையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தார்ப்பகுதி, அதன் ஓரத்தில் தோள்பட்டை, அடுத்து வடிகால், அதற்கும் அப்பால் மேலே ஏறும் சரிவோ கீழே இறங்கும் சரிவோ இருக்கும். இந்தக் குறுக்குவெட்டின் அச்சைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சிவில் 3டி மென்பொருளில் இதற்கு அசெம்பிளி என்று பெயர். பெண்ட்லி நிறுவனத்தின் ஓப்பன்ரோட்ஸ் மென்பொருளில் டெம்ப்ளேட் என்றே பெயர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

நாம் முதலில் சாலை போகும் பாதையை வரைகிறோம். பிறகு அது எந்த உயரத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று முடிவு செய்கிறோம். அதன்பின் டெம்ப்ளேட்டைக் கொடுத்தால், மென்பொருள் அதை 10 மீட்டருக்கு ஒரு தடவை, அல்லது நாம் சொல்லும் இடைவெளியில், பாதை நெடுகப் பதித்துக்கொண்டே போகும். ஒவ்வோர் இடத்திலும் அது ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கும். இயற்கை நிலம் சாலையைவிட உயரமா, தாழ்வா? உயரம் என்றால் குன்றை வெட்ட வேண்டும். வடிகாலைப் போட்டு, அதன் ஓரத்திலிருந்து மேல்நோக்கிச் சரிவை இழுக்கும். தாழ்வு என்றால் மண்ணை நிரப்ப வேண்டும். கீழ்நோக்கிச் சரிவை இழுக்கும். சரிவுக் கோடு இயற்கை நிலத்தைத் தொடும் இடத்தில் வேலை முடிகிறது.

கணினி நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்ற கட்டளை வரிசைதான் ஒரு நல்ல டெம்ப்ளேட்டின் உயிர். முதலில் சாதாரணச் சரிவை முயன்று பார். உயரம் 6 மீட்டரைத் தாண்டினால் ஒரு படித்தளம் போடு. அப்போதும் நிலத்தைத் தொட முடியாவிட்டால் தடுப்புச்சுவருக்குப் போ என்று முன்னுரிமை கொடுத்து எழுதலாம். முன்பெல்லாம் வரைபடத் தாளில் ஒவ்வொரு குறுக்குவெட்டாக மனிதர்கள் உட்கார்ந்து வரைந்த வேலையைக் கணினி இப்போது சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

அந்த வேகம்தான் நம்மைக் கவனமாக இருக்கச் சொல்கிறது.

குன்றின் அடியில் ஒரு கணக்கு

எங்கள் பாதையில் ஓர் இடத்தில் சாலை ஒரு குன்றின் அடிவாரத்தை ஒட்டிப் போகிறது. சாலையின் ஒருபக்கம் சமநிலம், மறுபக்கம் குன்று. வடிகாலின் வெளி ஓரத்தில் நிலம் சாலையைவிட 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்று மீட்டர் என்பது ஒரு வீட்டின் ஒரு மாடி உயரம்தான். அதற்கு மேலே குன்று 1-க்கு 2 என்ற சாய்வில் ஏறுகிறது. அதாவது 2 மீட்டர் தூரம் போனால் 1 மீட்டர் உயரும்.

முதலில் செங்குத்தான ஒரு வெட்டைப் போட்டுப் பார்ப்போம். சரிவு 1-க்கு 1. ஒரு மீட்டர் தள்ளினால் ஒரு மீட்டர் ஏறும். நாம் ஏற ஏற நிலமும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, ஆனால் நம் பாதி வேகத்தில். அதனால் 6 மீட்டர் தூரத்தில், 6 மீட்டர் உயரத்தில் கோடு நிலத்தைப் பிடித்துவிடுகிறது.

அடுத்து, அதைவிடச் சாய்வான 1-க்கு 1.5 சரிவு. இப்போது ஒவ்வொரு மீட்டருக்கும் சரிவு 0.67 மீட்டர் ஏறுகிறது, நிலம் 0.5 மீட்டர் ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. முன்னால் ஓடுகிறவனைச் சற்றே வேகம் கூடிய ஒருவன் துரத்திப் பிடிப்பதைப் போன்ற கணக்கு இது. பிடிக்க 18 மீட்டர் தூரம் ஆகிறது. அந்த இடத்தில் வெட்டின் உயரம் 12 மீட்டர்.

இத்துடன் முடியவில்லை. நம் நாட்டுப் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரின் வழிகாட்டியின்படி, உயரமான வெட்டுச்சரிவுகளில் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் ஒரு படித்தளம் வேண்டும். அதன் அகலம் குறைந்தது 2 மீட்டர். பெர்ம் என்று பொறியியலாளர்கள் சொல்வது இதைத்தான். மேலிருந்து ஓடிவரும் மழைநீரின் வேகத்தை உடைக்கவும், சிறு சரிவுகள் நேராகச் சாலையில் வந்து விழாமல் தாங்கவும், ஆட்கள் ஏறிச் சென்று பராமரிக்கவும் அது தேவை. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு படித்தளத்திலும் நம் சரிவு 2 மீட்டர் சும்மா நடக்கிறது. குன்றோ அந்த நேரத்தில் இன்னும் 1 மீட்டர் ஏறிவிடுகிறது. துரத்துகிறவன் மூன்று முறை நின்று மூச்சு வாங்குகிறான். கடைசியில் பிடிக்கும்போது தூரம் 42 மீட்டர். உயரம் 24 மீட்டர்.

அடிவாரத்தில் 3 மீட்டராகத் தொடங்கிய வெட்டு, எட்டு மாடி உயரத்தில் போய் நிற்கிறது!

மண்ணின் அளவையும் பாருங்கள். சாலையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும், முதல் வடிவத்தில் 9 கன மீட்டர் மண்ணை வெட்ட வேண்டும். இரண்டாவதில் 27. மூன்றாவதில் 63. நூறு மீட்டர் சாலைக்கு 900-க்கும் 6,300-க்கும் உள்ள வித்தியாசம் அது. நிலமோ, மூன்றாவது வடிவத்தில் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஓர் ஏக்கருக்குச் சற்று மேல் போகிறது. அதுவும் குன்றின் பக்கம் மட்டும்.

மென்பொருள் இந்த மூன்றையும் ஒரே மாதிரி அழகான பச்சைக் கோடுகளாக வரைந்து காட்டியது. எது ஆபத்து, எது வீண் செலவு என்று அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

42 மீட்டருக்குள் யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில்தான் எங்கள் குழுவில் விவாதம் சூடுபிடித்தது. நால்வரில் ஒருவர், ‘1-க்கு 1 போட்டுவிடலாம், மண்ணும் நிலமும் மிச்சம்’ என்றார். இன்னொருவர், ‘வழிகாட்டியில் உள்ளபடி 42 மீட்டரையும் வெட்டிவிடலாம், பாதுகாப்பாவது இருக்கும்’ என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எங்களிடம் இருந்தது வெறும் உயரக் கோடுகள் உள்ள வரைபடம். அதனால் அந்தப் பகுதிக்கு ஒருநாள் நேரில் போனோம். குன்றின் மேலே, அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி, பழைய லயத்து வீடுகளின் வரிசை ஒன்று இருந்தது. சிலவற்றில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வரிசையின் கோடியில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கோயில். வாசலில் மஞ்சள் துணி கட்டிய மரம். உயர வரைபடத்தில் இவை எதுவும் இல்லை.

42 மீட்டர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த வீடுகளும் கோயிலும் போய்விடும். 6 மீட்டர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அவை அப்படியே இருக்கும். ஆனால் சற்றுக் கீழே செங்குத்தான வெட்டு ஒன்று என்றைக்கும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மண் பலவீனமாக இருந்தால் சரிவு மேல்நோக்கித் தின்றுகொண்டே போகும்.

கெடாவில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் சாலைகளாகவும் மாறிக்கொண்டிருப்பதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். கூலிமும் சுங்கைப்பட்டாணியும் எவ்வளவு பெரிதாகிவிட்டன! வளர்ச்சி வேண்டும்தான். ஆனால் ஒரு சரிவின் விகிதத்தை 1.5 என்று தட்டச்சு செய்வதா, 1 என்று தட்டச்சு செய்வதா என்பதில் ஒரு கோயிலின் இடமும் ஒரு குடும்பத்தின் உறக்கமும் அடங்கியிருக்கின்றன என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் விரிவுரையாளர் விடையைச் சொல்லவில்லை. ‘டெம்ப்ளேட்டையே ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? சாலையைப் பாருங்கள்’ என்று மட்டும் சொன்னார்.

சாலையின் மட்டத்தை அந்த இடத்தில் 2 மீட்டர் உயர்த்திப் பார்த்தோம். இப்போது வடிகால் ஓரத்தில் நிலம் 3 மீட்டர் உயரம் அல்ல, 1 மீட்டர்தான். அதே 1-க்கு 1.5 சரிவு 6 மீட்டர் தூரத்தில், 4 மீட்டர் உயரத்தில் நிலத்தைப் பிடித்துவிட்டது. உயரம் 6 மீட்டருக்குக் குறைவு என்பதால் படித்தளமே தேவைப்படவில்லை. லயத்து வீடுகளுக்கும் வெட்டுக்கும் இடையில் நல்ல இடைவெளி கிடைத்தது. 42 மீட்டர் 6 மீட்டராகக் குறைந்தது, சரிவும் செங்குத்தாகவில்லை.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. மறுபக்கச் சமநிலத்தில் 2 மீட்டர் உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும். 1-க்கு 2 சரிவில் அது இன்னொரு 4 மீட்டர் நிலத்தை எடுக்கும். நிரப்ப நல்ல மண்ணை வெளியிலிருந்து லோரியில் கொண்டுவர வேண்டும். சாலை திடீரென்று 2 மீட்டர் ஏற முடியாது என்பதால் முன்னும் பின்னும் வெகுதூரம் மட்டத்தை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உயர்த்திய சாலை குன்றிலிருந்து வரும் தண்ணீருக்கு ஓர் அணையைப் போலக் குறுக்கே நிற்கும்.

‘தண்ணி எங்க போயி விழும்?’

என் தாத்தா கோலகெட்டில் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தவர். பால்மரம் வெட்டியது போக, லோங்காங் வெட்டும் வேலையும் நிறைய பார்த்திருக்கிறார். விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது என் மடிக்கணினியில் அந்தச் சாலையை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘ஏம்மா, லோங்காங் வரைக்கும் போட்டிருக்க, சரி. அதுல வர்ற தண்ணி எங்க போயி விழும்?’ என்று கேட்டார்.

டெம்ப்ளேட்டில் உள்ள வடிகால் சாலையோடு கூடவே போகும். சாலை ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். சாலை சமமாகப் போனால் வடிகாலும் சமமாகவே படுத்துவிடும், தண்ணீர் தேங்கும். சாலை பள்ளத்தில் இறங்கும் இடத்தில் இருபுறத் தண்ணீரும் வந்து சேரும். அங்கே வெளியேற வழி இருக்கிறதா என்று டெம்ப்ளேட்டுக்குத் தெரியாது. அதை மனிதன்தான் பார்க்க வேண்டும்.

தாத்தாவின் கேள்விக்குப் பிறகு நாங்கள் போட்ட கணக்கு இது. குன்றின் மேலிருந்து வடிகாலுக்குத் தண்ணீர் அனுப்பும் பரப்பு 5 ஹெக்டேர் என்றும், மழை மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுகிறது என்றும், அதில் பாதி மண்ணில் இறங்கிவிட, மறுபாதி ஓடி வருகிறது என்றும் வைத்துக்கொண்டோம். அப்படியானால் விநாடிக்கு 1.04 கன மீட்டர் தண்ணீர் வரும். நம் வீட்டுக் கூரைகளில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை ஒவ்வொரு விநாடியும் கவிழ்ப்பதற்குச் சமம்.

அடி அகலம் அரை மீட்டர், ஆழம் அரை மீட்டர், பக்கச் சரிவு 1-க்கு 1.5, நூறு மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் உள்ள ஒரு மண் வடிகால் எவ்வளவு தாங்கும்? இதற்கு உலகம் முழுவதும் பயன்படும் சூத்திரம், அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்தது. அதன்படி விளிம்பு வரை நிரம்பினாலும் விநாடிக்கு 0.87 கன மீட்டர்தான் போகும். மிச்சம் சாலைமேல் ஏறும். ஆழத்தை வெறும் 10 சென்டிமீட்டர் கூட்டினால் 1.30 வரை தாங்குகிறது. பத்து சென்டிமீட்டர் என்பது ஒரு கை அகலம்!

அரை மீட்டர் ஆழத்தை அப்படியே வைத்துக்கொண்டு சிமெண்டு பூசினாலும் போதும், கொள்ளளவு 1.75 ஆகிறது. ஆனால் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.4 மீட்டரிலிருந்து 2.8 மீட்டராக இரட்டிப்பாகிறது. வடிகால் முடியும் இடத்தில் அந்த வேகம் மண்ணை அரித்துக் குழி பறிக்கும். அங்கே கல் பரப்பியோ படிகள் கட்டியோ வேகத்தைக் குறைக்க வேண்டும். எனவே, ‘எங்க போயி விழும்’ என்ற கேள்வியை எந்தப் பக்கம் திரும்பினாலும் தவிர்க்க முடியாது.

தோட்டத்து மேட்டுக்காடுகளில் படிப்படியாக வெட்டப்பட்ட தளங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தளங்கள் குன்றை நோக்கி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மழைநீர் விளிம்பைத் தாண்டி ஓடி மண்ணைக் கரைக்காமல், உள்ளே தங்கி மரத்துக்குப் போகட்டும் என்பதற்காக. சாலைச் சரிவின் படித்தளமும் பார்வைக்கு அதேபோல இருந்தாலும், அங்கே தண்ணீர் தங்கக் கூடாது. தங்கினால் மண்ணுக்குள் இறங்கி, துகள்களுக்கு இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்தி, எடையையும் கூட்டும். ஆகவே ஒவ்வொரு படித்தளத்திலும் தனி வடிகால், சரிவின் உச்சிக்கு மேலே ஒரு தடுப்பு வடிகால், அங்கிருந்து கீழே இறக்க ஒரு படி வடிகால் என எல்லாம் தேவை.

மண்ணுக்கு நினைவு உண்டு

மென்பொருளுக்குத் தெரியாத இன்னொன்று மண். கெடாவிலேயே ஜெராய் மலைப் பகுதியில் கருங்கல்லும் கடினமான குவார்ட்சைட் பாறையும் உண்டு; தென்கெடாவின் பல இடங்களில் களிப்பாறை அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது; பாலிங்கில் சுண்ணாம்புக் குன்றுகள் நிமிர்ந்து நிற்கின்றன. அடுக்குப் பாறையில் அந்த அடுக்குகள் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தால், சாய்வான மேசையில் அடுக்கிய புத்தகங்களைப் போல வழுக்கிவிடலாம். சாலைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் அதே பாறை உறுதியாக நிற்கலாம். சாலையின் இருபுறமும் ஒரே டெம்ப்ளேட்டைக் கண்ணாடி பிம்பம்போலப் பதிப்பது கணினிக்கு எளிது. நிலம் கண்ணாடி பிம்பமாக இருப்பதில்லை.

நம் நாடு இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் உயிரிழந்தனர். கட்டடத்துக்குப் பின்னாலிருந்த குன்றின் வடிகால் ஏற்பாடு போதாமையும் தடுப்புச்சுவர்கள் நிலைகுலைந்ததும் அந்தச் சோகத்தில் முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன. 2003 நவம்பர் 26-ஆம் தேதி புக்கிட் லஞ்சானில் பாறைச் சரிவு நெடுஞ்சாலையை மூடியது. சாலை மீண்டும் திறக்கப் பல மாதங்கள் ஆயின. அதற்கு அடுத்த ஆண்டு, 2004-இல், ஜே.கே.ஆரில் சரிவுப் பொறியியலுக்கென்றே ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் 2009 முதல் 2023 வரைக்குமான தேசியச் சரிவுப் பெருந்திட்டமும் வகுக்கப்பட்டது.

நம் மாநிலத்திலும் மறக்க முடியாத நாள்கள் உண்டு. 2021 ஆகஸ்டு 18-ஆம் தேதி ஜெராய் மலையில் கொட்டிய மழை, மரங்களையும் பாறைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு யான் பகுதிக்குள் பாய்ந்தது. 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங்கின் குப்பாங், கம்போங் ஈபோய் பகுதிகளில் அதேபோன்ற வெள்ளம் வந்து மூவரின் உயிரைக் குடித்தது. இவை சாலைச் சரிவுகளால் வந்தவை அல்ல. ஆனாலும் சாலை வரைகிறவர்களுக்கு அவை ஒரு பாடம். மலையிலிருந்து வருவது வெறும் தண்ணீர் மட்டுமல்ல. மானிங்கின் சூத்திரம் மரக்கட்டைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மரம் குறுக்கே சிக்கினால், காகிதத்தில் சரியாக இருந்த மதகும் அடைபட்டுப் போகும். அதனால்தான் சாலைக்கு அடியில் போகும் குழாயைக் கணக்குக்கு வரும் அளவைவிடப் பெரிதாக வைப்பதையும், மழைக்கு முன் துப்புரவு செய்வதையும் அனுபவசாலிகள் வலியுறுத்துகிறார்கள்.

தீப்பந்தமும் திரையும்

வடிகால் வெட்டுவதில் கெடாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலை அடிவாரத்தில் உள்ள குரூண் நோக்கிச் சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் வான் மாட் சாமான் கால்வாய் 1885-இல் வெட்டத் தொடங்கப்பட்டது. அப்போதைய மந்திரி புசார் வான் முகமது சாமானின் முயற்சி அது. இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு, அவற்றின் வெளிச்சத்தில் நேர்க்கோடு பார்த்து வழி குறித்தார்கள் என்று சொல்வார்கள். சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடித்து நெல் வயல்களாக்க அந்தக் கால்வாய் உதவியது. அவர்களிடம் மென்பொருள் இல்லை. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போக வேண்டும் என்ற கேள்வியிலிருந்துதான் அந்தக் கோடு பிறந்தது.

அதன்பின் வந்த தோட்டங்களில் குன்றுகளைப் படிப்படியாக வெட்டியதிலும் லோங்காங் தோண்டியதிலும் நம் முன்னோரின் மண்வெட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த மண் மழைக்கு நிற்கும், எது கரையும் என்று அவர்கள் காலால் மிதித்தே சொல்வார்கள். அந்த அறிவு எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே நாம் கேட்டுக்கொண்டால்தான் உண்டு.

இந்தத் துறைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல் மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். ஜித்ராவில் உள்ள பொலிடெக்னிக்கில் சிவில் பொறியியல் டிப்ளோமா படித்துவிட்டும் மேலே வரலாம். சிவில் 3டி மென்பொருளை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்குக் கல்விப் பயன்பாட்டுக்காக இலவசமாகத் தருகிறது. நுழைந்து பழகிப் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளியில் ‘விகிதம்’ என்று படித்தது, இடைநிலைப்பள்ளியில் ‘நிஸ்பா’ ஆகி, பல்கலைக்கழகத்தில் ‘ரேஷியோ’ ஆகிவிட்டதே என்று மலைக்க வேண்டாம். மூன்று பெயரிலும் குன்று ஒரே சாய்வில்தான் நிற்கிறது.

டெம்ப்ளேட் எழுதக் கற்பதற்கு ஒரு வாரம் போதும். அதில் எந்த எண்ணைப் போடுவது என்று கற்பதற்கு மண் பரிசோதனை அறிக்கையைப் படிக்க வேண்டும், மழைக் கணக்கைப் போட வேண்டும், செருப்பில் சேறு ஒட்ட அந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். எங்கள் திட்ட அறிக்கையில் 2 மீட்டர் உயர்த்திய சாலையையும், அதன் அடியில் குன்றுத் தண்ணீர் ஓடைக்குப் போய்ச் சேர மூன்று மதகுகளையும் வரைந்து ஒப்படைத்தோம். லயத்து வீடுகளையும் கோயிலையும் அளந்து வந்து வரைபடத்தில் சேர்த்தோம். அடுத்த ஆண்டு அதே நிலத்தில் பயிற்சி செய்யப்போகும் மாணவர்களுக்கு அவை முதல் நாளே கண்ணில் படும்.